வால்பாறை வளைவுகளில் நிக்கான் 200-500

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில், படம் எடுப்பவர் எங்கே நிற்பது என்பதைப் பாதைதான் முடிவு செய்யும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மறுபக்கம் தாழ்வான தடுப்புச் சுவர், அதற்கப்பால் பள்ளம். நடுவில் இரண்டு பேருந்துகள் விலகிப் போவதற்கே இடம் பார்க்க வேண்டிய தார்ச்சாலை. 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதைதான். விலங்கு சற்றுத் தள்ளி இருந்தால் நாலடி முன்னே போகலாம், கிட்டத்தில் வந்துவிட்டால் பத்தடி பின்னே போகலாம் என்ற சுதந்திரம் இங்கே கிடையாது. கிடைத்த இடத்தில் நின்றுகொண்டு லென்ஸைத்தான் நீட்டிச் சுருக்க வேண்டும். நிக்கான் 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸை இந்தப் பாதைக்கு நான் மனதாரச் சிபாரிசு செய்ய முதல் காரணம் இதுதான். மி.மீ. எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது நெருங்கித் தெரியும், எஃப் எண் குறையக் குறைய லென்ஸுக்குள் வெளிச்சம் அதிகம் நுழையும்.

பொள்ளாச்சியில் தென்னை நார் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு விடியலில் பைக்கில் மலையேறுவது பல வருடப் பழக்கம். கேமரா நிக்கான் டி500. அதன் சென்சார் சிறியது என்பதால் இந்த லென்ஸ் 300-750 மி.மீ. கோணத்தில் காட்சியைத் தருகிறது. 2015-இல் வெளிவந்த லென்ஸ் இது. வந்தபோது விலை ஏறக்குறைய ஒரு லட்சம். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஸ்டூடியோவில் சுவரைப் படமெடுத்துக் கூர்மை பார்க்கும் விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. இங்கே அதைச் செய்யப்போவதில்லை. இந்த ஒரு மலையில் இந்த லென்ஸ் எப்படி உழைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வரையாட்டிலிருந்து தொடங்குவதுதான் முறை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031 வரையாடுகள்தான் தேறின. அப்படி அரிதான ஒரு விலங்கு, ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனைக்கு அக்கம்பக்கத்தில் சாலையோரத்துப் புல்லை மேய்ந்துகொண்டு நிற்கும். செங்குத்துப் பாறை இருக்கும் இடம்தான் அதற்குப் பாதுகாப்பான இடம். ஆபத்து என்று தோன்றினால் நாமோ சிறுத்தையோ கால் வைக்க முடியாத சரிவுக்குள் நாலு எட்டில் போய்விடும். அந்தப் பாறையைக் குடைந்துதான் சாலை போட்டிருக்கிறோம். அதனால்தான் இந்த நெருக்கம்.

இந்த நெருக்கம் லென்ஸுக்குப் பெரிய சோதனை. தலைக்கு மேலே உயரத்தில், பாறை விளிம்பில் முதுகில் வெள்ளி பூசிய கிழட்டுக் கடா ஒன்று வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும். 500-இல் எடுத்தால் கொம்பின் வளையங்கள் தனித்தனியாகத் தெரியும். அடுத்த நிமிடம் பெட்டையும் குட்டியும் தடுப்புச் சுவர் மேலேயே நடந்து வரும். 200-க்குச் சுருக்கினால்தான் குட்டியின் கால் வெட்டுப்படாமல் சட்டத்துக்குள் வரும். இந்த லென்ஸ் 2.2 மீட்டர் வரை கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்கும் என்பதால் அந்தக் கணமும் கைநழுவாது. நண்பர் ஒருவர் 500 மி.மீ. பி.எஃப். பிரைம் லென்ஸ், அதாவது நீட்டிச் சுருக்க முடியாத லென்ஸ், வைத்திருக்கிறார். எடை 1,460 கிராம்தான், கையில் பிடித்தால் பொறாமையாக இருக்கும். ஆனால் சுவர் மேல் ஆடு வரும்போது அவருக்குக் கண்ணும் மூக்கும்தான் கிடைக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 500 மி.மீ. கையில் இருந்தால் விலங்கை நெருங்க வேண்டிய தேவையே இல்லை. சுற்றுலா வருபவர்கள் செல்போனோடு ஆட்டின் மூக்குக்கு அருகே போய் நிற்கிறார்கள், பிஸ்கட் நீட்டுகிறார்கள். உப்பும் மாவும் பழகிப்போன ஆடு பாறையை விட்டுவிட்டுச் சாலையையே சுற்றிக்கொண்டிருக்கும், கடைசியில் வண்டியில் அடிபடும். ஒருநாள் காவலுக்கு நின்ற வனத்துறைத் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணா, உங்க லென்ஸ் நீளத்துக்கு எதிர்ப்பக்கமே நின்னு எடுத்துக்கலாமுங்க. அது இறங்கி வர்ற வழியை மட்டும் விட்டுருங்க" என்றார். சரிங்க தம்பி என்று நகர்ந்துகொண்டேன். அவர் சொன்ன இடத்திலிருந்து எடுத்த படங்கள்தான் நன்றாகவும் வந்தன. ஆடு நம்மைப் பார்க்காமல் தன்பாட்டுக்கு மேயும்போது அதன் கழுத்தும் தோளும் இளகி இருக்கும். நெருங்கி எடுத்த படங்களில் அந்த இளக்கம் இருக்காது.

கையாளுவதில் வரும் சிரமங்களுக்கு வருவோம். டிரைபாட் எனும் முக்காலியில் மாட்டுவதற்கான வளையமான காலரோடு சேர்த்து எடை 2,300 கிராம். கேமராவோடு சேர்த்தால் மூன்று கிலோவைத் தாண்டும். இந்தப் பாதையில் டிரைபாட் விரிப்பது ஆபத்து, வளைவில் பேருந்து திரும்பும்போது அதன் பின்பகுதி சாலையோரத்தைத் துடைத்துக்கொண்டு போகும். ஆக எல்லாமே கைப்பிடியில்தான். இடது உள்ளங்கையை லென்ஸின் அடியில் கொடுத்து, முழங்கையை விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டால் ஓரளவு தாங்கலாம். பத்து நிமிடம் கண்ணில் வைத்தபடி காத்திருந்தால் தோள் கடுக்கும். தடுப்புச் சுவர் மேல் அரிசி நிரப்பிய சிறு துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்ப்பது என் வழக்கம். கழுத்தில் தொங்கவிடாதீர்கள். காலரில் பட்டையை மாட்டிக் குறுக்காகத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூம் வளையத்தின் சுற்று நீளம். 200-லிருந்து 500-க்கு ஒரே திருப்பில் போக முடியாது, கையை எடுத்து மறுபடி பிடித்துத் திருப்ப வேண்டும். சுவர் மேல் வந்த குட்டி தாவிப் பாறைக்குப் போகும் அந்த இரண்டு நொடியில் இது எரிச்சலைத் தரும். நான் 350 அருகே வைத்துக்கொண்டே நடக்கிறேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒரு திருப்புதான்.

அதிர்வைக் குறைக்கும் வி.ஆர். அமைப்புதான் இந்த லென்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது. நாலரை ஸ்டாப் என்று நிறுவனம் சொல்கிறது, ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கலாம் என்று பொருள். நான் அளந்து பார்க்கவில்லை. ஆனால் பனிமூட்டமான காலையில் அசையாமல் நிற்கும் ஆட்டை 500-இல், 1/125 நொடியில், கைப்பிடியிலேயே கூர்மையாக எடுக்க முடிகிறது. காற்று பலமாக அடிக்கும் வளைவுகளில் ஸ்போர்ட் நிலைக்கு மாற்றிவிடுங்கள், வியூஃபைண்டரில் காட்சி துள்ளாமல் வரும்.

வால்பாறைக்குச் சற்று முன்னால் வரும் புதுத்தோட்டம், சிங்கவால் குரங்குகளின் இடம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத குரங்கு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தப்பிப் பிழைத்த துண்டுக்காட்டில் வாழ்கிறது. சாலை குறுக்கே ஓடுவதால் மரத்திலிருந்து மரத்துக்குப் போக வழியில்லாமல் தரையில் இறங்கி அடிபட்டுச் சாகும் நிலை இருந்தது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு சாலைக்கு மேலே பட்டைகளைக் கொண்டு தொங்குபாலங்கள் கட்டியது. தாய் குரங்கு வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி அந்தப் பாலத்தில் கடந்து போவதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைந்துவிடும். கீழே லாரி போய்க்கொண்டிருக்கும்.

இங்கே எஃப் 5.6 என்பது இறுக்கமான அளவு. மரநிழலில் காலை எட்டு மணிக்குக்கூட கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 3200, சில சமயம் 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கும். நல்லவேளையாக, 500 வரை நீட்டினாலும் எஃப் 5.6 மாறாது. சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்கள் நீட்ட நீட்ட 6.3-க்கு இறங்கிவிடும். கரிய உடம்பு, கரிய முகம், சுற்றிலும் வெள்ளிப் பிடரி என்று இந்தக் குரங்கின் நிறமே கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டரைக் குழப்பும். கருப்பைப் பார்த்து மீட்டர் வெளிச்சத்தைக் கூட்ட, பிடரி வெளுத்து வெறும் வெள்ளையாகிவிடும். எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 அளவுக்குக் குறைத்து எடுத்தால் பிடரியின் ஒவ்வொரு மயிரும் நிற்கும், முகத்தை அப்புறம் கேமராவின் மூலக்கோப்பான ரா ஃபைலிலிருந்து வெளிச்சமாக்கித் தூக்கிக்கொள்ளலாம். பனியில் நிற்கும் வரையாட்டுக்கு நேர்மாறாக, பிளஸ் பக்கம் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் பனி அழுக்குச் சாம்பலாக வரும்.

ஆட்டோஃபோகஸ் வேகம் நடுத்தரம். இருவாச்சிக்கு இது போதும். பள்ளத்தாக்கைக் கடந்து வரும் பெரிய இருவாச்சியின் சிறகோசை பறவைக்கு முன்னால் வந்து சேரும், லென்ஸைத் தூக்க நேரம் கிடைக்கும். சீராக, நேர்கோட்டில் பறக்கும் பறவை என்பதால் 1/1600 நொடியில் தொடர்ந்து எடுத்தால் பாதிக்கு மேல் கூர்மையாகவே வருகின்றன. சட்சட்டென்று திரும்பிப் பறக்கும் தகைவிலான் குருவிகளைத் துரத்த முயன்றால் ஏமாற்றம்தான். பனிமூட்டத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடும். ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்த, பக்கவாட்டில் இருக்கும் லிமிட்டர் சுவிட்சை 6 மீட்டரிலிருந்து முடிவிலி என்ற நிலைக்குத் தள்ளிவிட்டால் அந்தத் தேடல் வெகுவாகக் குறைகிறது. இருவாச்சி கூடு கட்டும் மாதங்களில், பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டிருக்கும்போது, கூட்டுப்பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம். ஆண் பறவை பயந்து இரை கொண்டுவராமல் போனால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினி.

இயற்கைக் காட்சிக்கு டெலி லென்ஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. லோம்ஸ் காட்சிமுனையிலிருந்து ஆழியாறு நீர்த்தேக்கத்தை முழுதாகப் பிடிக்க 18 மி.மீ. வேண்டும், அதற்குச் சட்டைப்பையில் ஒரு சின்ன லென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பரந்த படத்தில் மலையின் உயரம் தட்டையாகிப் போகும். 200-இல் வைத்துக் கீழே பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று வளைவுகள், நடுவளைவில் திரும்பும் ஒரு அரசுப் பேருந்து, கரையில் மீன்பிடிப் பரிசல். அந்தப் பேருந்து வந்த பிறகுதான் பாறையின் அளவு புரியும். கவர்க்கல் பக்கம் சில்வர் ஓக் மரங்கள் பனிக்குள் ஒவ்வொரு வரிசையாக மங்கிப் போவதற்கு 300 மி.மீ. அற்புதம். மாசி, பங்குனியில் மட்டும் சமவெளி பக்கம் திருப்பாதீர்கள். புழுதியும் கானலும் சேர்ந்து எந்த லென்ஸையும் தோற்கடிக்கும். ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் காலை, பொள்ளாச்சித் தென்னந்தோப்புகள் கழுவி வைத்த மாதிரி தெரியும்.

மழை பற்றி எச்சரிக்கை. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. இந்த லென்ஸ் ஜூம் செய்யும்போது வெளியே நீளும் வகை, நீளும்போது காற்றையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கும். விலை உயர்ந்த லென்ஸ்களுக்கு இருக்கும் முழு மழைக்காப்பு இதற்கு இல்லை. தென்மேற்குப் பருவத்தில் நான் உறை போட்டு, நீண்ட பகுதியைத் துடைத்த பிறகே சுருக்குகிறேன். காரில் வருபவர்கள் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஏறுங்கள். குளிர்ந்த லென்ஸை ஈரக்காற்றுக்குள் கொண்டுவந்தால் முன்கண்ணாடி வியர்த்து, துடைக்கத் துடைக்க மறுபடி வியர்க்கும். வீட்டில் சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா அவசியம், பூஞ்சை பிடித்தால் சரிசெய்யும் செலவு கண்ணைக் கட்டும்.

மாலையில் தேயிலைச் சரிவுக்கு இறங்கும் காட்டுமாடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான லென்ஸ் தெரியவில்லை. யானைக்கு மட்டும் எந்த லென்ஸும் வேண்டாம். யானை நடமாட்டம் இருந்தால் எச்சரிக்கும் சிவப்பு விளக்குகள் ஊருக்குள் அங்கங்கே இருக்கின்றன. தோட்டத் தொழிலாளர்கள் உயிரோடு வீடு திரும்புவதற்காக வைத்தது. அது எரிந்தால் கேமராவைப் பையில் போட்டுவிட்டு இடத்தைக் காலி செய்யுங்கள்.

உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 2023-இல் வந்த நிக்கான் இசட் 180-600 லென்ஸ் இருக்கிறது. ஜூம் உள்ளுக்குள்ளேயே நடப்பதால் நீளம் மாறாது, வளையமும் சிறு திருப்பில் முடிந்துவிடும். இந்தப் பாதைக்கு அது கூடுதல் வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணம் இருந்தால் அதை வாங்குங்கள். கண்ணாடி உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருப்பவருக்கு, அல்லது பழைய லென்ஸை மிரர்லெஸ்ஸில் மாட்ட உதவும் எஃப்.டி.இசட். அடாப்டரோடு செலவைச் சுருக்க நினைப்பவருக்கு, 200-500தான் என் பதில். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி இன்னும் நெருக்கிக் காட்டும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் போட்டால் எஃப் 8 ஆகிவிடும். பனிக்காலையில் அது உதவாது, வாங்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் முதலில் தங்கள் கேமராவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளி நுழையும் துவாரமான அப்பெர்ச்சரை மின்காந்தத்தால் இயக்கும் ஈ வகை லென்ஸ் இது. டி90, டி80, டி200 போன்ற பழைய கேமராக்களில் அப்பெர்ச்சரை மாற்றவே முடியாது. அப்புறம் லென்ஸை 500-க்கு நீட்டி முன்பகுதியை மெல்ல ஆட்டிப் பாருங்கள், அளவுக்கு மேல் ஆட்டம் இருக்கக்கூடாது. செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்துப் பூஞ்சை நூல்கள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். 200-இல் பூட்டும் சுவிட்ச் வேலை செய்கிறதா, காலர் திருகு வழுக்காமல் இறுகுகிறதா என்றும் பாருங்கள். முன்பக்கம் 95 மி.மீ. ஃபில்டர் அளவு, தனியே வாங்கப்போனால் விலை அதிகம். விற்பவரிடம் ஃபில்டர் இருந்தால் அதையும் சேர்த்தே பேசி வாங்கிவிடுங்கள்.