புற்றுசெல் ஒளிந்துகொள்ளும் கதை: ஒரு ஆன்லைன் பாடம் பற்றி

புற்றுசெல்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் எப்படி மண்ணைத் தூவுகின்றன என்று சொல்லித்தரும் 6 வீடியோக்கள், முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2ஆவது வீடியோ அபாரம். நம் செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை எம்எச்சி-1 என்ற தட்டில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கும், அதில் அந்நியமாக ஏதாவது தெரிந்தால் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளணுவான டி செல் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். சில புற்றுசெல்களில் தட்டைத் தாங்கும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தின் மரபணு கெட்டுப்போயிருக்கும், அந்தப் புரதம் இல்லாமல் தட்டு மேற்பரப்பில் நிற்காது, டி செல்லுக்குப் பார்க்க எதுவும் இருக்காது. இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் உண்டு. ஆனால் இவர்கள் அங்கேயே நிறுத்தி, 'சரி, தட்டே இல்லாத செல்மேல் யாருக்கும் சந்தேகம் வராதா?' என்று கேட்டுவிட்டு, இயற்கைக் கொல்லி எனப்படும் இன்னொரு வெள்ளணுவான என்கே செல்லை உள்ளே கொண்டுவருகிறார்கள். தட்டைக் காணோம் என்பதையே குற்றமாக எடுத்துக்கொள்ளும் ஆள் அது! அதற்கும் சில கட்டிகள் வழி வைத்திருக்கின்றன, என்கே செல்லை உசுப்பிவிடும் மைக்கா மாதிரியான புரதங்களை வெட்டி வெளியே விட்டுவிடும்.

4ஆவது வீடியோவில்தான் எனக்குக் கடுப்பு. செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு டி செல்லை அடக்கும் பிடி-எல்1 என்ற புரதம் என்னவோ புற்றுசெல் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த தந்திரம் மாதிரி பேசுகிறார்கள். அது நம் நல்ல திசுக்களும் போடும் பிரேக்தான். தாக்க வந்த டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் பட்டுத்தான் பல கட்டிகளில் பிடி-எல்1 கூடுகிறது. இதைச் சொல்லாவிட்டால், பிரேக்கை எடுக்கும் மருந்து கொடுத்ததும் சிலருக்குக் குடல், தைராய்டு என்று சொந்த உறுப்புகளே ஏன் அடிவாங்குகின்றன என்பது எப்படிப் புரியும்? அப்புறம், தட்டே போய்விட்ட செல்லிடம் பிரேக்கை எடுத்தும் டி செல்லால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 2ஐயும் 4ஐயும் சேர்க்கும் இந்த முடிச்சைத் தொடவே இல்லை. புற்றுசெல் திட்டமெல்லாம் போடுவதில்லை, கண்ணில் பட்டதை டி செல் கொன்று தீர்க்கிறது, படாதது பெருகுகிறது, அவ்வளவுதான். அதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை, இந்த மாதிரி பிரேக்கை எடுத்துப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்ய வழிகாட்டிய ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்த கதைக்கு மட்டும் அரை வீடியோ.

செல்விழுங்கிகளிடம் 'என்னைத் தின்னாதே' என்று சொல்லும் சிடி47 புரதம் வரும் 5ஆவது சுமார். கடைசியில் வரும் வினாடி வினாவில் பாதிக் கேள்விகள் எது எந்த ஆண்டு நடந்தது என்பதுதான், நான் பாதியிலேயே மூடிவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்கள் 2ஆவதை இரண்டு முறை பாருங்கள், 4ஐப் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு நல்ல பாடப்புத்தகம் இருக்கட்டும்.