ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே: ப்ளூ-ரேயை முதலில் காதுக்காக வாங்குங்கள்

மேடை நாடகம் ஒன்றிலிருந்து ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய இந்த 1940 நகைச்சுவைப் படத்துக்கு டிவிடிகள் ஏராளம். பெரும்பாலானவை காசுக்குக் கேடு. அமெரிக்காவில் 28 ஆண்டு முடிந்ததும் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். கையில் கிடைத்த தேய்ந்த பிரிண்ட்டை யார் வேண்டுமானாலும் வட்டில் ஏற்றி விற்கலாம் என்றாகிவிட்டது. அவற்றில் முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும், ஒலியில் ஓயாத இரைச்சல். வேறு படமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே ஒருவர் முடிக்குமுன் அடுத்தவர் பேசத் தொடங்கிவிடுகிறார். வசனம் மங்கினால் சிரிப்பே வராது.

பழைய படங்களைச் சீரமைத்து வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனத்தின் 2017 ப்ளூ-ரேயில் அந்தக் குறை இல்லை. ஒலி சுருக்கப்படாத மோனோ, அதாவது ஒற்றைத் தடம். கேரி கிராண்டும் ரோசலிண்ட் ரஸ்ஸலும் ஆளுக்கொரு தொலைபேசியில் கத்தும் கட்டத்தில்கூட இரு குரலும் தனித்தனியாகக் கேட்கின்றன. ரஸ்ஸலின் கோடு போட்ட கோட்டைப் பாருங்கள்: மட்டமான பிரதிகளில் அந்தக் கோடுகள் நெளியும், இதில் அசையாமல் நிற்கும்.

சவுண்ட்பாரில் சரவுண்ட் முறையை அணைத்துவிடுங்கள். ஒற்றைத் தடத்தை நாலாபக்கமும் சிதறடித்தால் குரல் குழம்பும். டிவியில் வைட், ஜூம் இரண்டும் வேண்டாம், படம் 1.37:1 (அகலம்:உயரம்) அளவில் எடுத்தது, இருபக்கக் கறுப்புப் பட்டை இருக்கத்தான் வேண்டும். மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள்: முன்னது அசைவைச் செயற்கையாக்கும், பின்னது பிலிமின் நுண்மணிகளை அழித்து முகத்தை மெழுகாக்கிவிடும்.

முதல் தடவை ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள், அடுத்த தடவை அது இல்லாமல். எழுத்தைத் துரத்தினால் கிராண்டின் முகபாவம் தவறிப்போகிறது.

வட்டில் ஏ மண்டலக் குறியீடு உண்டு, அந்த மண்டலத்தை ஏற்கும் பிளேயரில்தான் ஓடும். இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம் என்பதால், இங்கே வாங்கிய பிளேயர் பல மண்டலங்களை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியா ஏ மண்டலம், அங்கே தொல்லையில்லை. பால் (PAL) எனும் டிவி ஒளிபரப்பு முறைக்கான டிவிடி மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். நொடிக்கு 24 படச்சட்டங்களை 25ஆக ஓட்டுவதால் 92 நிமிடப் படம் 88க்குச் சுருங்கும். ஏற்கெனவே தலைதெறிக்கும் பேச்சு இன்னும் முடுகி, குரலும் கீச்சென்றாகும்.

இரண்டாவது வட்டில் 1931இன் 'தி ஃப்ரண்ட் பேஜ்' இருக்கிறது. மூலம் இதே நாடகம், ஆனால் இங்கே ரஸ்ஸல் ஏற்ற ஹில்டி எனும் நிருபர் அதில் ஆண். அதை இரண்டாவதாகவே பாருங்கள். மேசைக்குள் கைதியை ஒளித்துவைக்கும் கட்டம் இரண்டிலும் உண்டு. ஹில்டி கிராண்டின் பாத்திரத்துக்கு முன்னாள் மனைவியாக மாறியதும் அதற்குள் காதல் எப்படிப் புகுந்தது என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரியும்.