ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்து ஏற்றுமதி ஆவண சேவைக் கடை: வேகம் சரி, கவனம் போதாது

நண்டு அனுப்பும் சிறு வியாபாரிகளுக்கான கடை. ஆரிஜின் சர்டிபிகேட் (சரக்கு எந்த நாட்டுடையது என்ற சான்று) விண்ணப்பத்தைச் சட்டென்று முடித்துத் தருகிறார்கள், கட்டணமும் நியாயம்தான். சறுக்குவது எச்.எஸ். எண்ணில், அதாவது சுங்கத்துக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்ணில். ஓட்டோடு அவித்து உறைய வைத்த நண்டு 0306.14; ஓடு நீக்கி அவித்த சதை 1605.10. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் போய்ச் சேரும் துறைமுகத்தில் வரிச்சலுகை சிக்கலாகிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2010 முதல் கேட்ச் சர்டிபிகேட் (சட்டப்படி பிடித்த சரக்கு என்ற சான்று) கட்டாயம். எடையைப் படகுவாரியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மொத்தமாக எழுதும் பழக்கம் இங்கே இருக்கிறது. நாட்டுப்படகுச் சரக்கு அதில்தான் காணாமல் போகிறது.

சுவிட்சர்லாந்து, நார்வே அடங்கிய எஃப்டா நாடுகளுடன் இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் நலனையும் சேர்த்து, நீடித்த வளர்ச்சிக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. சதை உரிக்கும் பெண்களின் கூலிப் பதிவேட்டைப் பற்றி மட்டும் இந்தக் கடையில் பேச்சே கிடையாது.