பழைய ஃபைபர் படகுக்கு எந்த ரெசின்: பாலியெஸ்டரா, எபொக்சியா?

மலேசியாவின் பேராக்கிலுள்ள ஊத்தான் மெலிந்தாங்கில் செம்பனைக்கும் ஆற்றுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. வார நாள்களில் தோட்டத்திலும் எண்ணெய் ஆலையிலும் வேலை செய்பவர்களில் பலர், ஞாயிறு விடிவதற்கு முன்பே உடாங் காலா என்று ஊரே அழைக்கும் ஆற்று இறாலுக்காகப் பெர்ணம் ஆற்றில் தூண்டிலோடு இறங்கிவிடுகிறார்கள். அதனால்தான் இங்கே சில வீடுகளின் பின்புறத்தில் பழைய லாரி டயர்களின் மேல் கவிழ்த்து வைத்த ஃபைபர் படகு ஒன்றைக் காண முடிகிறது. எங்கள் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் கிடப்பது 14 அடிப் படகு. எஞ்சினைத் தாங்கும் பின்பலகை அழுகி, அடிப்பகுதியில் இரண்டு இடங்களில் விரிசல் விட்ட நிலையில் அதை வாங்கினோம். இப்படிப்பட்ட படகை வீட்டிலேயே சீர்செய்ய நினைப்பவருக்கு முதலில் எழும் கேள்வி, கண்ணாடி இழையில் ஊறி இறுகும் பிசினான ரெசினைப் பற்றியது. கடையில் கேட்டால் பெரும்பாலும் கையிருப்பில் உள்ள பாலியெஸ்டரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இணையத்தில் தேடினால் எபொக்சியைத் தவிர வேறெதையும் தொடாதே என்று சொல்பவர்களே அதிகம். இரண்டையும் அதே படகில் பயன்படுத்திப் பார்த்த பிறகு எனக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதுகிறேன்.

பாலியெஸ்டர் பக்கம் நிற்பவர்கள் சொல்லும் முதல் காரணம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். பழைய படகு பாலியெஸ்டரிலும் மேட் எனப்படும் கண்ணாடி இழைப் பாயிலும் செய்யப்பட்டது, ஆகவே அதன் மேல் பாலியெஸ்டரே நன்றாக ஒட்டும் என்பார்கள். படகு அச்சில் இருக்கும் நாளில் இது முற்றிலும் உண்மை. முந்தைய அடுக்கு இறுகி முடிவதற்குள் அடுத்த அடுக்கைப் போட்டால் இரண்டும் வேதியியல் முறையில் பிணைந்து ஒரே உடலாகிவிடும். ஆனால் இருபது ஆண்டுகள் வெயிலில் கிடந்த படகில் அப்படிப் பிணைய எதுவும் மிச்சமில்லை. அங்கே புது ரெசின் வெறும் பசையாகவே வேலை செய்ய வேண்டும், பசை என்ற அளவில் பாலியெஸ்டர் எபொக்சியை விடப் பலவீனமானது. மேலும் பாலியெஸ்டர் இறுகும்போது அதன் கன அளவில் ஏறத்தாழ 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் ஒட்டிய விளிம்பை இழுத்துக்கொண்டே இருக்கும். எபொக்சியின் சுருக்கம் இதைவிட வெகு குறைவு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் முறை அடி விரிசலுக்கு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் மூன்று அடுக்கு பாலியெஸ்டர் போட்டேன். கிரைண்டரால் தேய்த்திருந்தேன், அசிட்டோன் கொண்டு துடைத்திருந்தேன், பார்வைக்குப் பழுதில்லாத வேலைதான். அடுத்த ஆண்டு அந்த ஒட்டின் ஒரு மூலையில் மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தது. பட்டித் தகட்டை அதில் நுழைத்து மெல்ல நெம்பியபோது முழு ஒட்டும் ஒரே தகடாகக் கையோடு வந்துவிட்டது. அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது, என் கிரைண்டர் கீறல்கள் ஒவ்வொன்றும் அச்சு எடுத்ததுபோல் அதில் பதிந்திருந்தன, ஆனால் பழைய படகின் இழை ஒன்றுகூட அதில் ஒட்டி வரவில்லை. பின்னர் அதே இடத்தில் எபொக்சியில் போட்ட ஒட்டின் விளிம்பு ஒன்றைச் சோதனைக்காக உளியால் பெயர்த்தபோது, பழைய அடுக்கின் வெள்ளை இழைகளைப் பிய்த்துக்கொண்டுதான் அது வந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குக் காட்ட அந்த இரண்டு துண்டுகளே போதுமாக இருந்தன.

அதற்காகப் பாலியெஸ்டரை ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. விரிசலைச் சுற்றிய சரிவைப் போதிய அளவு நீளமாக எடுத்திருந்தால், அதாவது அடுக்கின் கனத்தைப்போல் குறைந்தது 12 மடங்கு அகலத்துக்குத் தேய்த்துச் சரித்திருந்தால், அந்த ஒட்டு இன்னும் சில ஆண்டுகள் தாங்கியிருக்கும் என்றே நம்புகிறேன். 6 மில்லிமீட்டர் கனமுள்ள அடிக்கு ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டருக்கும் மேல் சரிவு வேண்டும். நான் எடுத்தது அதில் பாதிகூட இல்லை. துடைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் மெழுகையும் எண்ணெயையும் துடைத்து எடுத்த பிறகே தேய்க்க வேண்டும். தேய்த்துவிட்டுத் துடைத்தால் அந்த மெழுகு கீறல்களுக்குள் ஏறி அமர்ந்துகொள்ளும்.

விலையில் பாலியெஸ்டருக்கு நிகரில்லை. எபொக்சி ஒரு கிலோவுக்குக் கொடுக்கும் பணத்தில் பாலியெஸ்டர் இரண்டு மூன்று கிலோவாவது வாங்கலாம். மேட் என்பது எடைக்கு எடை ஏறத்தாழ இரண்டரை மடங்கு ரெசினைக் குடிக்கும் பொருள் என்பதால், பெரிய பரப்பில் இந்த வேறுபாடு குடும்பச் செலவையே தொடும். அந்த மேட்டைக் கட்டி வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரினில் கரைந்து இழைகளை நெகிழவிடுவது இன்னொரு வசதி. எபொக்சியில் ஸ்டைரின் இல்லை, ஆகவே அதே மேட் அட்டையைப்போல் விறைத்து நிற்கும், வளைவுகளில் படியாது. எபொக்சி வாங்குபவர் நெய்த துணியோ தையலிட்ட இருதிசைத் துணியோ சேர்த்து வாங்க வேண்டும். இதைச் சொல்லாமல் மேட்டையும் எபொக்சியையும் ஒன்றாக விற்றுவிடும் கடைகள் உண்டு, அங்கே பாதிக்கப்படுவது முதல் முறை செய்பவர்தான்.

நம் ஊர் வெப்பத்தில் இரண்டும் வெவ்வேறு விதமாகச் சோதிக்கின்றன. பாலியெஸ்டரை இறுகச் செய்ய ஹார்டனராகக் கலக்கும் எம்.இ.கே.பி. எடையில் 1 முதல் 2 விழுக்காடு என்பது வழக்கமான அளவு. வெப்பம் 10 பாகை ஏறினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், நண்பகல் 33 பாகையில் தூரிகையைக் கையில் எடுப்பதற்குள் டின்னில் ரெசின் கூழாகிவிடும். ஹார்டனரை 1 விழுக்காட்டுக்கும் கீழே குறைத்து நேரம் சம்பாதிக்கலாம் என்று நினைப்பது தவறு, அப்போது ரெசின் முழுமையாக இறுகாமலே நின்றுவிடும். ஆகவே ரெசினைச் சிறிது சிறிதாகக் கலந்து, காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்வதே வழி. எபொக்சியில் இந்தக் கூட்டல் கழித்தலுக்கே இடமில்லை. 2க்கு 1 என்றோ 5க்கு 1 என்றோ தயாரித்தவர் குறிப்பிட்ட விகிதம் எதுவோ அதுதான், அது எடைக்கா கன அளவுக்கா என்பதையும் டின்னில் படித்துவிட வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மெதுவாக இறுகும் வெப்பமண்டல ஹார்டனரைத் தனியாக வாங்க வேண்டும். கலந்ததை டின்னிலேயே விடாமல் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் சூடேறுவது தணியும். குவித்து வைத்தால் புகை வரும் அளவுக்குச் சூடாகும்.

எபொக்சிக்கு நம் ஊரில் உள்ள உண்மையான எதிரி ஈரக் காற்று. மாலை மழைக்குப் பின் இறுகிய எபொக்சியின் மேல் விரலை வைத்தால் மெழுகு தடவியதுபோல் ஒரு வழவழப்பு தெரியும். அமீன் ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. அதைத் தேய்த்து எடுக்க முயன்றால் பரவும், அசிட்டோனால் துடைப்பதும் உதவாது. வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவி, துணியால் ஒற்றியெடுத்த பின்புதான் தேய்ப்புத்தாள் போட வேண்டும். இதை அறியாமல் அடுத்த அடுக்கைப் போட்டவர்கள்தான் எபொக்சியும் உரிகிறது என்று சொல்கிறார்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவே வினைல் எஸ்டர் என்ற ஒன்று உண்டு. எம்.இ.கே.பி.யிலேயே இறுகும், தண்ணீரை நன்றாகத் தடுக்கும், பாலியெஸ்டரைவிட நன்றாக ஒட்டும். ஆனால் திறக்காத டின்னே சில மாதங்கள்தான் தாங்கும், தகரக் கொட்டகைச் சூட்டில் அதற்கும் குறைவு. இரவும் பகலும் தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கும் படகுக்கு, குறிப்பாக ஃபைபரில் கொப்புளம் அதிகம் காணும் நன்னீரில் கிடப்பதற்கு, அது ஏற்றது. ஞாயிறுதோறும் வண்டியில் ஏற்றி வீட்டுக்குத் திரும்பிவிடும் படகுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

பின்பலகைதான் இந்த வேலையின் நெஞ்சு. எஞ்சினின் எடையும் தள்ளும் விசையும் அதன் மேல்தான் விழுகின்றன. ஐம்பது காசு நாணயத்தால் தட்டிப் பார்த்தபோது எங்கள் படகின் மேற்பகுதி டிங் என்று ஒலித்தது, எஞ்சின் போல்ட்டுகளுக்குக் கீழே டொக் என்று மட்டும் கேட்டது. உட்புறத் தோலை வெட்டித் திறந்ததும் கறுத்த தண்ணீர் வடிந்தது, பலகை ஊறிய புளியைப்போல் விரலோடு வந்தது. தோட்டப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்த மாமா எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா காயட்டும் தம்பி. ஈரத்தோட மூடுனா தண்ணிய உள்ள வெச்சுப் பூட்டுன மாதிரிதான்” என்றார். காற்றாடி வைத்து மூன்று வாரம் திறந்தே போட்டோம்.

உள்ளே வைக்க மூன்று தேர்வுகள் எங்கள் முன் இருந்தன. செங்கால் பலகை வைக்கலாம் என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். திரெங்கானுப் படகுகளைப் பல தலைமுறையாகத் தாங்கி வந்த மரம் அது, அதன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆயினும் கன மீட்டருக்கு 900 கிலோவுக்கும் மேல் எடையுள்ள மரத்தைச் சிறு படகின் பின்முனையில் வைத்தால் முகப்பு தூக்கிக்கொள்ளும். அத்துடன் ஒற்றைப் பலகை ஈரத்தில் அகலவாக்கில் விரிந்து சுருங்கும்போது மேலுள்ள கண்ணாடி இழைத் தோலைப் பிளந்துவிடும். பலகையாக மிதந்த மரத்தை ஃபைபருக்குள் அடைப்பது அதன் இயல்புக்கு மாறானது. இரண்டாவது தேர்வான பி.வி.சி. நுரைப்பலகை அழுகாது, இலேசானது. ஆனால் சாதாரண அடர்த்தியுள்ள நுரை, எஞ்சின் போல்ட்டை முடுக்கியதும் நசுங்கும். பின்பலகைக்கென்றே செய்த கனமான நுரைப்பலகை எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை, வரவழைத்தால் படகு வாங்கிய விலையை நெருங்கும். பெட்டிகளில் வரும் வெள்ளை நுரையை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பாலியெஸ்டர் பட்டவுடன் அது கண் முன்னே கரைந்துவிடும்.

ஆகவே பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரையுள்ள 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டை எபொக்சியால் ஒட்டி 24 மில்லிமீட்டராக்கினோம். அந்த முத்திரை, பசை கொதிநீரிலும் விடாது என்பதற்கும் உள்ளடுக்குகளில் பெரிய பொந்து இருக்காது என்பதற்கும் சான்று, மரம் அழுகாது என்பதற்கு அன்று. எனவே வெட்டிய விளிம்புகளுக்கு, மரம் ரெசினைக் குடிப்பது நிற்கும்வரை மூன்று முறை எபொக்சி கொடுத்தோம். இதை வெயில் தணியும் நேரத்தில் செய்ய வேண்டும், ஏனெனில் சூடு ஏறும்போது மரத்திலுள்ள காற்று விரிந்து வெளிவந்து பூச்சில் குமிழிகளை உண்டாக்கும், சூடு இறங்கும்போது மரமே ரெசினை உள்ளிழுக்கும். இந்த இடத்தில் பாலியெஸ்டரை நான் கருதவே மாட்டேன். மரத்தின் மேல் அதன் பிடி காலப்போக்கில் விட்டுப்போகும், விட்ட இடைவெளியில் மீண்டும் தண்ணீர் தங்கும், பழைய பலகை அழுகியதும் அவ்வாறே.

வீட்டில் செய்யும் வேலை என்பதால் மூச்சையும் தோலையும் ஒப்பிடாமல் விட முடியாது. பாலியெஸ்டரின் ஸ்டைரின் வாடை வரிசை வீடுகளில் நான்கு வீடு தாண்டியும் வீசும். 31 பாகையிலேயே அதன் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் சமையல் அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் அருகே அதை வைத்திருக்கக் கூடாது. எம்.இ.கே.பி. ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து, கண்ணாடி அணியாமல் டின்னைத் திறக்கவே வேண்டாம். எபொக்சிக்கு வாடை குறைவு, அந்தக் குறைவே மனிதரை ஏமாற்றுகிறது. கையுறையின்றித் தொட்டுத் தொட்டு ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுதும் விலகாது. கையில் பட்டதை அசிட்டோனால் கழுவினால் அது தோலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். கிரைண்டர் தூசிக்கும் ஆவிக்கும் வெவ்வேறு வடிகட்டிகள் தேவை, மருந்துக்கடையில் விற்கும் நீல முகக்கவசம் இரண்டுக்கும் உதவாது.

மேற்பூச்சில் ஜெல்கோட்டா, இரு கூறு பாலியூரித்தேன் பெயிண்டா என்பதை அடியில் இட்ட ரெசினே தீர்மானித்துவிடுகிறது. ஜெல்கோட் பாலியெஸ்டர் வகை, எபொக்சியின் மேல் அது பல வேளைகளில் சரியாக இறுகாமல் பிசுபிசுத்தே நிற்கும். எபொக்சியை வெயிலில் மூடாமல் விடவும் முடியாது, அது மஞ்சளித்து மாவாக உதிரும். நாங்கள் வெள்ளைப் பாலியூரித்தேனை உருளையால் மூன்று பூச்சு இட்டோம். வெள்ளையைத் தேர்ந்தது சூட்டுக்காக.

அடிப்பகுதியின் இரு விரிசல்களும் பின்பலகையும் எபொக்சியில் முடிந்தன. இருக்கைப் பெட்டிகளின் உட்புறமும் முகப்பில் புதிதாகச் செய்த சாமான் தட்டும் பாலியெஸ்டரிலும் மேட்டிலும் ஒரே காலையில் முடிந்தன, அங்கே எபொக்சி போட்டிருந்தால் வீண்செலவாகியிருக்கும். கடைசியாக எஞ்சின் போல்ட்டுகளுக்கு ஒவ்வொரு துளையையும் தேவைக்கு மேல் அகலமாகத் துளைத்து, சிலிக்காத் தூள் கலந்த எபொக்சியால் அடைத்து, அது இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மறுபடியும் துளைத்தோம். இனி போல்ட் வழியே தண்ணீர் கசிந்தாலும் அது சந்திப்பது எபொக்சிக் குழாயைத்தான், மரத்தை அல்ல.