விசுவாசி விழுவானா, மாட்டானா? நான் கட்சி மாறின கதை

கிறிஸ்தவங்களுக்குள்ள ஒரு பழைய விவாதம்: இயேசுவை நிஜமா நம்பினவன் அந்த நம்பிக்கையை விட்டு விழுந்து ரட்சிப்பை இழக்க முடியுமா? இதுல "ஒருதடவை ரட்சிக்கப்பட்டா எப்பவும் ரட்சிப்புதான்" கட்சியில பத்து வருஷம் இருந்தேங்க, போன வருஷம்தான் மாறினேன், அதனால நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீங்க.

முதல் கட்சி, சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழி. நிஜ விசுவாசி மோசமா சறுக்கலாம், ஆனா முழுசா விழமாட்டான், தேவன் விடமாட்டார்னு 1618-19ல நெதர்லாந்துல நடந்த டோர்ட் சபைச் சங்கத்துல முடிவு பண்ணாங்க. வசனம் யோவான் 10:28, என் ஆடுகளை ஒருத்தனும் என் கையிலிருந்து பறிக்கமாட்டான்னு இயேசு சொல்றது, எல்லாருக்கும் மனப்பாடம். இஷ்டத்துக்கு பாவம் பண்ண லைசென்ஸ்னு இவங்களைத் திட்டுறது மட்டும் நியாயமில்ல, டோர்ட் அப்படி சொல்லவே இல்ல.

ரெண்டாவது, மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி வழி. விழலாம், எழுந்தும் வரலாம். எசேக்கியேல் 18:24 நீதிமானே நீதியை விட்டு விலகுறதைப் பேசுது. லுத்தரன்காரங்களும் இந்தப் பக்கம்தான், அவங்களோட 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையிலயே இருக்கு. வேடிக்கை என்னன்னா, கால்வின் கட்சியை எதிர்த்த டச்சுக்காரர் ஆர்மீனியஸோட ஆளுங்களே 1610ல இதை முடிவு பண்ணாம, வேதத்தை இன்னும் ஆராயணும்னு விட்டுட்டாங்க! எங்க சேலத்துல கால்வின் பக்கம் சாய்ஞ்ச லண்டன் மிஷன் வழி வந்தவங்களும் மெதடிஸ்ட் வழி வந்தவங்களும் 1947க்கு அப்புறம் ஒரே சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கோம், யாரும் இதைப் பத்தி சண்டை போடறதில்ல.

என்னை மாத்தினது ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல இருக்கற எங்க மாமா. இருபது வருஷம் ஜெபக்கூட்டம் நடத்தினவரு, அவர் பைபிள்ல சங்கீதம் பூரா சிவப்பு பென்சில் கோடு, ஓரத்துல காபிக்கறை. இப்ப ஆறு வருஷமா சர்ச் பக்கமே வர்றதில்ல, நம்பிக்கையே இல்லன்னு நேராவே சொல்றாரு. பழைய கட்சிக்காரங்க உடனே 1 யோவான் 2:19ஐ எடுப்பாங்க, பிரிஞ்சு போனவங்க நம்மைச் சேர்ந்தவங்களே இல்லன்னு சொல்ற வசனம், அதனால அவர் ஆரம்பத்துலயே நம்மாளு இல்லன்னு. சரி, அந்த இருபது வருஷத்துல அவருக்கே தெரியலையே அது போலின்னு, அப்ப இன்னைக்கு என் விசுவாசம் நிஜம்னு நான் எதை வெச்சு சொல்றது? நிச்சயம் தர்றோம்னுதான அந்த உபதேசமே, கடைசில சாகுற வரைக்கும் சந்தேகப்படவெக்குது. வெஸ்லி வழியிலயும் நாளைக்குப் பத்தி பயம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இன்னைக்கு கையில இருக்கறது நிஜம். பழைய கட்சிக்காரங்க எங்க மாமாகிட்ட "வாங்க"ன்னுதான் சொல்ல முடியும், நான் "திரும்பி வாங்க"ன்னு சொல்லலாம்.

ஆனா எபிரெயர் 6:6 என் கட்சியைத்தான் உதைக்குது, மறுதலிச்சவங்களைப் புதுப்பிக்கறது கூடாத காரியம்னு இருக்கே. பேதுரு இயேசுவைத் தெரியாதுன்னு மூணு தடவை மறுதலிச்சும் திரும்பலையான்னு கேட்டா, அதுவும் இதுவும் ஒரே மறுதலிப்பு இல்லன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது முழுசா செரிக்கல. ஏற்காடு மலைப்பாதையில இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ல இதையே நினைச்சுட்டு ஏறினேன், மேல போனதும் மாமா "காபி குடிடா"ன்னாரு, குடிச்சேன்.