கோஹா, சோல், இ-கிரந்தாலயா: நூலகவியல் மாணவர் முதலில் எதைக் கற்பது?

எம்.லிப். முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது இதைத்தான். வேலை விளம்பரத்தில் 'நூலக மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். எது என்று பல நேரம் இருக்காது. நம் ஊரில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் மூன்று: கோஹா, சோல், இ-கிரந்தாலயா. முதலில் கோஹாவைப் பிடியுங்கள் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

சோல் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையத்தின் தயாரிப்பு. அது பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் வரும் அமைப்பு. சோல் 2.0 2009இலும் 3.0 2021இலும் வந்தன. விண்டோஸில் ஓடும், விலைக்கு வாங்க வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. இஷ்யூ, ரிட்டர்ன், உறுப்பினர் சேர்க்கை எல்லாம் சில நாளில் கைக்கு வந்துவிடும். சிக்கல் வந்தால் கேட்க ஒரு இடமும் உண்டு. தனி ஆளாக ஒரு நூலகத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை நாம் திறந்து பார்க்க வழியில்லை.

இ-கிரந்தாலயா மத்திய அரசின் தகவலியல் மையமான என்ஐசி உருவாக்கியது. 4.0 பதிப்பு இணைய வழியில் இயங்குகிறது. அரசு நூலகங்களுக்கு நல்ல வசதி. ஆனால் ஒரு மாணவர் வீட்டில் நிறுவிப் பழகிப் பார்க்க முடியாது. வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டால் போதும்.

கோஹா 1999இல் நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டது. அவர்களுடைய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நிலை வந்தபோது புதிதாக ஒன்றை எழுதச் செய்து, அதைத் திறந்த மூல உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். பழைய கணினி ஒன்றில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதன்மேல் கோஹாவை நிறுவிக்கொள்ளலாம். காசு செலவில்லை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் இதற்கான பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. சான்றிதழுக்காகப் பெரிய தொகை கேட்கும் வகுப்புகளுக்குப் போகும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

நிறுவுவதில் திணறல் இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. லினக்ஸ் கட்டளைகள், தரவுத்தளம், பேக்கப் எல்லாம் வரும். அந்தத் திணறலில்தான் படிப்பே இருக்கிறது. உதாரணத்துக்கு, கோஹாவின் அறிக்கைப் பகுதியில், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் நாமே எழுதலாம். ஒவ்வொரு பிரதியும் கடைசியாக எந்தத் தேதியில் வெளியே போனது என்று தரவுத்தளத்தில் இருக்கும். அந்தத் தேதியை வைத்து மூன்று வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களைச் சில வரிகளில் பட்டியலிட்டுவிடலாம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்குக் கொடுக்க வேண்டிய பயன்பாட்டுக் கணக்குக்காக ரிஜிஸ்டரைப் புரட்டும் நூலகருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

தமிழ் நூல்கள் என்று வந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். 'த. ஜெயகாந்தன்' என்று ஒருவர் உள்ளிடுவார், 'ஜெயகாந்தன், த.' என்று அடுத்தவர் உள்ளிடுவார்; கணினிக்கு இரண்டு எழுத்தாளர்கள். புதுமைப்பித்தன் ஓரிடத்தில் இயற்பெயரில் சொ. விருத்தாசலமாக இருப்பார். இதைச் சரிசெய்ய, நூல் விவரங்களைக் கணினியில் பதியும் பொது வடிவமான மார்க் 21இல் அத்தாரிட்டி பதிவு இருக்கிறது: 100ஆம் புலத்தில் நாம் ஏற்கும் பெயர், 400ஆம் புலத்தில் மற்ற வடிவங்கள். கோஹாவில் ஒருமுறை இதைச் செய்து, நூல் பதிவுகளை அதோடு இணைத்துவிட்டால் வாசகர் எந்தப் பெயரில் தேடினாலும் சரியான நூலுக்கு வந்து சேர வழி கிடைக்கும். சோலும் மார்க் 21ஐ ஏற்கிறதுதான். ஆனால் புல எண்களை நேருக்கு நேர் பார்த்துக் கை வைக்கும் பழக்கம் கோஹாவில்தான் வேகமாக வருகிறது. அந்தப் பழக்கம் எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும்.

பழைய எழுத்துருக்களில் அடித்த எக்செல் பட்டியல்கள் இன்னும் பல நூலகங்களில் கிடக்கின்றன. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, அப்புறம் மார்க்எடிட் என்ற இலவசக் கருவியால் மார்க் கோப்பாக்கி ஏற்ற வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யத் தெரிந்தவரை எந்த நூலகமும் விடாது. ஏற்றிய பின்னும் தமிழில் தேடினால் முடிவு சரியாக வரவில்லையா? தேடுபொறியின் சொற்பிரிப்பை, பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

டிஸ்பேஸ் கற்கலாமா என்றும் கேட்கிறார்கள். அதற்கு வேலையே வேறு. ஆய்வேடு, பழைய வினாத்தாள், அரிய நூல்களின் மின்வடிவம் இவற்றைச் சேமிக்க அது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்கா அதில்தான் இயங்குகிறது. கோஹா கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

கோஹா எல்லா நூலகத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கல்லூரியில் அதை நிறுவிவிட்டு, நிறுவியவர் வேலை மாறிப் போனால் நூலகமே முடங்கும். அப்படிப்பட்ட இடத்துக்குச் சோல்தான் பாதுகாப்பு. நான் சொல்வது கற்பவருக்கு.

ஏற்கெனவே சோல் உள்ள கல்லூரியில் வேலை பார்க்கிறீர்களா? அதை மாற்றச் சொல்லி நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அனுமதி வாங்கிக்கொண்டு, நூல் பதிவுகளை மட்டும், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக உதவும் ஐஎஸ்ஓ 2709 கோப்பாக எடுங்கள். உறுப்பினர் விவரங்களைத் தொடாதீர்கள். அந்தக் கோப்பை வீட்டுக் கணினியில் உள்ள கோஹாவில் ஏற்றி, எத்தனை ஜெயகாந்தன்கள் வருகிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.