மோஷியில் தொண்டுப்பணி முடிந்த கையோடு: சஃபாரியா, ஜான்சிபாரா?

பள்ளிக்கூடச் சுவர் எழுப்பவோ மருத்துவ முகாம் நடத்தவோ தான்சானியாவின் மோஷி, அருஷா பக்கம் போகும் குழுக்களுக்குக் கடைசி வாரத்தில் தவறாமல் வரும் கேள்வி இது. மிச்சமிருக்கும் மூன்று நான்கு நாட்களில் காட்டுக்குப் போவதா, கடலுக்குப் போவதா? எங்கள் தேர்வு காடுதான். தாரங்கிரே தேசியப் பூங்காவில் ஒரு நாள், வழியிலுள்ள கராட்டு ஊரில் இரவுத் தங்கல், மறுநாள் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம், இரவுக்குள் மோஷி. பத்துப் பேருக்கு மேல் உள்ள குழு என்றால் இதையே சொல்வோம்.

அழகை வைத்து முடிவெடுக்க முடியாது. 600 மீட்டர் ஆழமும் ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்ட இங்கோரோங்கோரோ பள்ளத்துக்குள் சிங்கம், யானை, கருப்புக் காண்டாமிருகம் எல்லாம் ஒரே காலையில் கண்ணில் படலாம். ஜான்சிபார் தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுன் சந்துகளும் நுங்வி கடலும் அதற்குக் குறைந்தவை அல்ல. குழுவுக்கு முடிவைச் சொல்வது வண்டிக் கணக்கு.

சஃபாரிச் செலவில் பெரும்பகுதி தலைக்கு அல்ல, வண்டிக்கு. லேண்ட் க்ரூசர், ஓட்டுநர், டீசல் எல்லாம் சேர்த்து நாளுக்குச் சுமார் 250 டாலர் என்று வையுங்கள். இரண்டு நாளுக்கு 500. பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்குத் தனிக் கட்டணம், வரியோடு 295 டாலர். ஆக, வண்டி ஒன்றுக்கு 795. ஆறு பேர் ஏறினால் தலைக்கு 132 டாலர் சொச்சம், நான்கு பேர் என்றால் 199. இதற்கு மேல் ஆளுக்கு நுழைவுக் கட்டணம்: இங்கோரோங்கோரோ 70.80, தாரங்கிரே சீசனில் 59. இந்தக் கட்டணங்கள் பெரும்பாலும் ஜூலையில்தான் மாறும். அதனால் முன்பதிவின்போது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

குழு சறுக்குவது பதின்மூன்றாவது ஆளில். பன்னிரண்டு பேர் இரண்டு வண்டியில் அடங்கிவிடுவார்கள். பதின்மூன்று பேருக்கு மூன்று வண்டி எடுத்தால் தலைக்கு 183 ஆகிறது, அதாவது ஒரே ஒருவர் கூடியதற்காக எல்லோரும் ஐம்பது டாலர் அதிகம் கட்ட வேண்டியிருக்கும். வழி இருக்கிறது. நீட்டிய லேண்ட் க்ரூசரில் ஓட்டுநர் பக்கத்து இருக்கையையும் சேர்த்தால் ஏழு பேர் உட்காரலாம். முன்னால் இருப்பவர் கூரையைத் தூக்கி எழுந்து நின்று பார்க்க முடியாது என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த இருக்கையில் ஆளை மாற்றுங்கள். எட்டாவது ஆளை நெருக்கி ஏற்றுவதாக யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஜான்சிபாரில் இப்படிப் பங்கு போட எதுவும் இல்லை. விமானச் சீட்டு ஆளுக்கு ஆள். 2024 அக்டோபரிலிருந்து தீவுக்கு வரும் வெளிநாட்டவருக்குக் கட்டாயமான 44 டாலர் காப்பீடும் ஆளுக்கு ஆள்தான். சிறிய செஸ்னா விமானம் என்றால் 15 கிலோ மென்பைக்கு மேல் ஏற்றமாட்டார்கள். முகாம் சாமான்களோடு வந்தவர்களின் பெரிய பெட்டிகளை எங்கே வைப்பது என்ற சிக்கல் அங்கே தொடங்கும். சஃபாரி கிளம்பிய ஊருக்கே திரும்புவதால் பெட்டிகள் தங்கிய வீட்டிலேயே கிடக்கலாம்.

தார்ச்சாலையும் தூரமும் ஒத்துவருவது இரண்டு நாளுக்குத்தான். விடிகாலை ஐந்தரைக்கு மோஷியை விட்டால் பத்து மணி வாக்கில் தாரங்கிரே. ஜூன் முதல் அக்டோபர் வரை ஆற்றோரத்தில் யானைக் கூட்டங்களும் ஆனைப்புளிய மரங்களும் கண்கொள்ளாது. மழைக் காலத்தில் யானைகள் பூங்காவுக்கு வெளியே பரவிவிடும். இங்கே கருநீலம், கருப்பு உடை வேண்டாம், செட்ஸி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். மாலையில் கராட்டு. பள்ளத்தின் விளிம்பு விடுதிகளில் தங்கினால் இரவுக்கு ஆளுக்கு இன்னொரு 59 டாலர் அரசுக் கட்டணம் சேரும். கராட்டு இங்கோரோங்கோரோ காப்புப் பகுதிக்கு வெளியே இருப்பதால் அது இல்லை. காலை ஆறுக்கு அந்தப் பகுதியின் வாசல் திறக்கும்போது வண்டி அங்கே நிற்க வேண்டும். விளிம்பு 2,300 மீட்டர் உயரம். ஜூலையில் பனிமூட்டமும் நல்ல குளிரும் இருக்கும், ஸ்வெட்டரும் மேலே ஒரு காற்றுத்தடுப்புச் சட்டையும் வேண்டும். ஒட்டகச்சிவிங்கியைத் தாரங்கிரேயிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், பள்ளத்துக்குள் அது கிடையாது. நீர்யானைக் குளத்தருகே சாப்பாட்டு நிறுத்தத்தில் கரும்பருந்துகள் கையிலிருப்பதைப் பறித்துப் போகும், நகமும் கீறும். வண்டிக்குள் உட்கார்ந்தே சாப்பிடுங்கள். டப்பாச் சாப்பாட்டில் கோழிக்கால் வழக்கம் என்பதால் சைவம் எத்தனை பேர் என்று முந்தின நாளே சமையல்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

செரெங்கெட்டி தேசியப் பூங்காவை இதற்குள் திணிக்காதீர்கள். அருஷாவிலிருந்து அதன் நடுப்பகுதியான செரோனெராவுக்கே 300 கிலோமீட்டருக்கு மேல், பாதி கரடுமுரடான மண் சாலை. வழியில் இங்கோரோங்கோரோவைக் கடப்பதற்கும் கட்டணம் உண்டு. அதற்கு நான்கு நாள் வேண்டும்.

வண்டியை மோஷியிலேயே பேசுவது நல்லது. பணி செய்த ஊரிலேயே பணம் தங்கும், முடிந்தவரை இப்படிச் செய்ய வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். நிறுவனத்திடம் சுற்றுலா நடத்த அரசு தரும் டாலா (TALA) உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். நுழைவுக் கட்டணத்தை முன்கூட்டியே அரசுக்குக் கட்டிய ரசீதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், வாசலில் ரொக்கம் செல்லாது. ஓட்டுநருக்கு வண்டிக்கு நாளொன்றுக்கு 20 டாலர் அளவு அன்பளிப்பு வழக்கம், அதை ஷில்லிங்கில் கொடுங்கள். திரும்பிய அன்றிரவே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கு ஊர் 50 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு, காவல் சோதனை, அருஷா நெரிசல் என்று நேரம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ஜான்சிபாரைத் தேர்வதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. குழு நான்கு பேருக்குள் இருந்தால் மேலே சொன்ன கணக்கு சிதறிவிடும். முதுகு வலிக்காரர்களுக்கு நாளெல்லாம் வண்டியில் குலுங்குவது ஆகாது. ஊர் திரும்பும் விமானமே ஜான்சிபாரிலிருந்து என்றால் பெட்டிச் சிக்கலும் இல்லை. அப்படிப் போனால் மூன்று இரவுக்குக் குறையாமல் தங்குங்கள். நாளெல்லாம் நீந்த வேண்டுமென்றால் வடக்கே நுங்வி, கெண்ட்வா. கிழக்கே பாஜே, ஜம்பியானியில் வற்றுநேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும், ஓதநேரம் கேட்டுத்தான் இறங்க வேண்டும். ஸ்டோன் டவுனில் தோளும் முழங்காலும் மூடிய உடை. ஏப்ரல், மே பெருமழையில் சில விடுதிகள் மூடியிருக்கும். அந்த மாதங்களில் காட்டுப் பாதையும் சேறுதான்.

குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறதென்றால் முதலில் எல்லோரும் சஃபாரி போய் வாருங்கள். மறுநாள் விருப்பமுள்ளவர்கள் மட்டும் கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் பறக்கலாம். முதலில் கடலுக்குப் போய்ச் சிலர் அங்கேயே தங்கிவிட்டால், வண்டியை நிரப்ப ஆறு பேர் தேறமாட்டார்கள்.